அப்பாவின் சாப்பாடு பிள்ளையின் குணத்தில் தெரியுமா?

கேள்வி இது: "குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எதைச் சாப்பிட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று மனைவிக்கு ஆளாளுக்குச் சொல்கிறார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அப்பாவின் உணவு பிள்ளைகளின் நடத்தையைக்கூட மாற்றுவதாக எலிகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று படித்தேன். உண்மையா? உண்மையென்றால் நான் என்ன செய்ய வேண்டும்?"

எலிகளைப் பொறுத்தவரை உண்மைதான். மனிதர்களைப் பொறுத்தவரை பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார்கள். ஆண் சாப்பிடுவது அவனுடைய விந்தணுவை மாற்றுகிறது என்பது வரை காட்டியாகிவிட்டது. அந்த மாற்றம் பிள்ளையின் குணம் வரை போய்ச் சேருகிறது என்று மனிதர்களில் இதுவரை யாரும் காட்டவில்லை. செய்தித் தலைப்புகள் இந்த இரண்டாவது பாதியை ஒரே தாவலில் கடந்துவிடுகின்றன. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

நீங்கள் படித்தது பெரும்பாலும் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாக இருக்கும். ஏஞ்சலா கிரீன், ஸ்டீவன் சிம்ப்சன் ஆகியோரின் குழு செய்தது. 2024இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்தது. ஆண் சுண்டெலிகளுக்குப் பத்து விதமான உணவுகளைக் கொடுத்தார்கள். புரதம், கொழுப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு விகிதத்தில் இருக்கும். பிறகு அவற்றை வழக்கமான தீவனத்தில் வளர்ந்த பெண் சுண்டெலிகளோடு சேர்த்தார்கள். புரதம் குறைவாகவும் மாவுச்சத்து அதிகமாகவும் சாப்பிட்ட அப்பாக்களுக்குப் பிறந்த ஆண் குட்டிகளிடம் பதற்றம் கூடுதலாக இருந்தது. கொழுப்பு அதிகம் சாப்பிட்ட அப்பாக்களின் பெண் குட்டிகளுக்கு உடலில் கொழுப்பும், வளர்சிதை மாற்றக் கோளாறின் அடையாளங்களும் கூடுதலாக இருந்தன. மகனுக்கு ஒன்று, மகளுக்கு வேறொன்று. இந்தத் துறையில் இது அடிக்கடி எதிர்ப்படும் விஷயம். பாலினத்தைப் பிரித்துப் பார்க்காத ஆய்வென்றால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

இந்த ஆய்வு எனக்குப் பிடித்ததற்குக் காரணம் வேறு. அதற்கு முன்னால் வந்தவற்றில் பெரும்பாலானவை 'சாதாரணத் தீவனம்' ஒரு பக்கம், 'கொழுப்புத் தீவனம்' மறு பக்கம் என்று இரண்டையே ஒப்பிட்டன. அதில் மாற்றம் தெரிந்தால், கொழுப்பு கூடியதாலா, புரதம் குறைந்ததாலா, மொத்தக் கலோரி ஏறியதாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பத்து உணவுகளை வைத்துப் பார்க்கும்போது அதைப் பிரிக்க முடிகிறது. புரதம் குறைந்த உணவைப் பெற்ற ஆண் சுண்டெலிகள் மொத்தத்தில் அதிகமாகச் சாப்பிட்டன என்பதும் அதில் தெரிந்தது. சிம்ப்சனும் டேவிட் ராபன்ஹைமரும் 2005இலேயே முன்வைத்த கருத்துதான் இது: உடலுக்கு வேண்டிய புரதம் கிடைக்கும் வரை பசி அடங்காது, உணவில் புரதம் நீர்த்துப்போனால், அதைத் தேடி மற்ற எல்லாவற்றையும் கூடுதலாக உள்ளே தள்ளுவோம். ஆக, எவ்வளவு சாப்பிட்டது என்பதும் முக்கியம், எந்த விகிதத்தில் சாப்பிட்டது என்பதும் முக்கியம்.

சுண்டெலிக்குப் 'பதற்றம்' என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். தரையிலிருந்து உயரத்தில், கூட்டல் குறி வடிவில் ஒரு மேடை இருக்கும். அதன் நான்கு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டு திறந்தவெளி. சுண்டெலிக்கு வெட்டவெளியைக் கண்டால் பயம். ஆனால் புது இடத்தைச் சுற்றிப் பார்க்கும் ஆசையும் உண்டு. சுவர் உள்ள பக்கத்திலேயே ஒதுங்கி எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை அளந்து, அதைப் பதற்றத்தின் அளவாக எடுத்துக்கொள்வார்கள். பதற்ற நோய்க்கான மருந்துகளைக் கொடுத்தால் சுண்டெலி வெளியே வரத் தொடங்குகிறது என்பதால் இது வெறும் ஊகமான அளவுகோல் இல்லை. ஆனாலும் ஓர் ஓரத்தில் சில நிமிடம் கூடுதலாக உட்கார்ந்திருக்கும் சுண்டெலிக்கும், பரீட்சைக்கு முந்தைய இரவு தூங்காத பிள்ளைக்கும் நடுவே வெகுதூரம் இருக்கிறது. இன்னொன்று, இவையெல்லாம் சராசரிகள். இரண்டு கூட்டத்தையும் கலந்துவிட்டு ஒரு குட்டியைக் கையில் எடுத்தால், அது எந்த அப்பாவுக்குப் பிறந்தது என்று அதன் நடத்தையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, எலிகளை வைத்து ஏன் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறார்கள்? ஆய்வகத்தில் அப்பா எலிக்கு வேலை ஒரே இரவுதான். சேர்க்கை முடிந்ததும் அதை எடுத்துவிடுவார்கள். குட்டிகள் அதைப் பார்ப்பதே இல்லை. அதன் தட்டிலிருந்து சாப்பிடுவதும் இல்லை, அதன் பழக்கத்தைக் கற்றுக்கொள்வதும் இல்லை. அதனால் அப்பாவின் உணவைப் பற்றிய செய்தி குட்டிக்குப் போயிருந்தால், அது விந்துவின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று தோன்றும்.

தோன்றும், ஆனால் அங்கே ஓர் ஓட்டை இருக்கிறது: அம்மா. தன்னோடு சேர்ந்த ஆண் எப்படிப்பட்டது என்பதைப் பெண் எலி கவனிக்கிறது. ரஹியா மஷூத், ஃபிரான்சஸ் ஷாம்பெய்ன் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தோண்டியது. இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. ஆண் சுண்டெலிகளுக்கு உணவைக் குறைத்தார்கள். ஒரு பகுதியில் இயல்பாகச் சேரவிட்டார்கள். இன்னொரு பகுதியில், உருவான கருவை எடுத்து, அந்த ஆணைப் பார்த்தேயிராத வேறொரு பெண்ணின் கருப்பையில் வைத்தார்கள். கரு மாற்றிய பகுதியில் பெண் குட்டிகளின் வளர்ச்சி வேகம், மூளையில் ஹைபோதலாமஸ் பகுதியின் மரபணுச் செயல்பாடு, நடத்தை மூன்றிலும் மாற்றம் தெரிந்தது. இயல்பாகச் சேர்ந்த பகுதியிலோ அந்த மாற்றங்கள் காணாமல் போயின, அல்லது எதிர்த்திசையில் திரும்பின. ஏன்? அரைப்பட்டினி ஆணோடு சேர்ந்த பெண்கள், கர்ப்ப காலத்திலும் பிறகு குட்டிகளை வளர்ப்பதிலும் கூடுதல் அக்கறை காட்டியிருந்தன. அப்பா வழி வந்த குறையை அம்மா ஈடுகட்டியிருக்கிறாள்.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. விந்தணு வழியாக நடத்தையைத் தொடும் ஏதோ ஒன்று நிஜமாகவே போகிறது. ஆனால் அது கல்வெட்டு இல்லை. வளர்ப்பு அதை மாற்றி எழுதிவிடும். செய்திகளில் முதலாவது மட்டும்தான் வருகிறது.

அப்படி என்னதான் போகிறது? டிஎன்ஏ வரிசை அல்ல. சாப்பாடு மாறியதால் மரபணுவின் எழுத்துகள் மாறிவிடுவதில்லை. பாட்டு அதேதான், சுருதி மட்டும் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கிறது. இந்தச் சுருதி மாற்றத்தைத்தான் எபிஜெனடிக்ஸ் என்கிறோம். முதலில் எல்லோரும் டிஎன்ஏ மேல் ஒட்டும் மெத்தில் குறிகளைத்தான் சந்தேகித்தார்கள். ஆனால் கருத்தரித்த சில நாட்களுக்குள் அந்தக் குறிகளில் பெரும்பகுதியைக் கரு துடைத்துவிடுகிறது. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலும் பெரும்பாலானவற்றை விந்தணு உருவாகும்போதே கழற்றிவிட்டு, புரோட்டமின் என்ற வேறு புரதத்தைக் கொண்டு இறுக்கிக் கட்டிவிடுகிறது உடல். சில இடங்களில் மிச்சம் இருக்கும், அவற்றுக்கும் பங்கு உண்டு. என்றாலும் இன்று கை காட்டப்படும் முதல் ஆள் வேறு: சிறு ஆர்என்ஏ துண்டுகள். டிஎன்ஏவைப் பார்த்துச் செல் எழுதிக்கொள்ளும் நகல்தான் ஆர்என்ஏ.

2016இல் 'சயன்ஸ்' இதழில் இரண்டு கட்டுரைகள் சேர்ந்து வந்தன. ஒன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மருத்துவப் பள்ளியில் ஆலிவர் ராண்டோவின் குழுவுடையது. புரதம் குறைந்த உணவு கொடுத்த ஆண் சுண்டெலிகளின் விந்தணுவில் டிஆர்என்ஏ துண்டுகளின் அளவு மாறியிருந்தது. புரதம் கட்டுவதற்கு அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் மூலக்கூறுதான் டிஆர்என்ஏ. அது உடைந்து உண்டாகும் சிறு துண்டுகள் இவை. சுவாரசியம் என்னவென்றால், விந்தணு விரையில் உருவாகும்போது இந்தத் துண்டுகள் அதில் குறைவாகவே இருக்கின்றன. அது விரையை விட்டு வெளியேறி, எபிடிடிமிஸ் என்ற நீண்ட சுருட்டுக் குழாய்க்குள் முதிர்ந்துகொண்டே நகரும் காலத்தில், அந்தக் குழாயின் செல்கள் நுண்ணிய கொப்புளங்களில் வைத்து இவற்றை ஏற்றிவிடுகின்றன. கடைசி நேரச் சரக்கு! உடலின் இன்றைய நிலவரம் விந்தணுவுக்குள் ஏறுவதற்கு ஒரு வாசல் அங்கே இருக்கிறது.

இரண்டாவது கட்டுரை சீனக் குழு ஒன்றுடையது. கொழுப்பு உணவு தின்ற ஆண்களின் விந்தணுவிலிருந்து இந்தத் துண்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, சாதாரணப் பெற்றோரின் கருமுட்டைகளில் ஊசியால் செலுத்தினார்கள். பிறந்த குட்டிகளுக்குச் சர்க்கரையைக் கையாளுவதில் கோளாறு வந்தது. அப்பா என்ற ஆளே இல்லாமல், அவர் சாப்பிட்டதன் விளைவு மட்டும் குட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதைவிட நேரடியான சோதனையை யோசிப்பது கஷ்டம்.

இது வளர்சிதை மாற்றம். நடத்தைக்கும் இதே வழி உண்டா? உணவை விட்டுக் கொஞ்சம் விலகினால் பதில் கிடைக்கும். சூரிச்சில் இசபெல் மான்சுயியின் குழு, சிறு வயதில் மன உளைச்சலுக்கு ஆளான ஆண் சுண்டெலிகளின் விந்தணு ஆர்என்ஏவைக் கருமுட்டையில் செலுத்தி, குட்டிகளின் நடத்தை மாறுவதை 2014இல் காட்டியது. அமெரிக்காவில் டிரேசி பேலின் குழு 2015இல் ஒன்பது மைக்ரோ ஆர்என்ஏக்களை (மரபணுக்களின் செயல்பாட்டை அடக்கிவைக்கும் மிகச் சிறிய ஆர்என்ஏக்கள்) மட்டும் செலுத்தியே, குட்டிகள் வளர்ந்ததும் மன அழுத்தத்துக்குச் சுரக்கும் ஹார்மோன் எதிர்வினையை மாற்றியது. ஆக, விந்தணுவில் ஏறும் ஆர்என்ஏ நடத்தை வரை எட்டக்கூடியதுதான். உணவு அதே சரக்கைத் தொடுகிறது. இந்த இரண்டையும் இணைத்தால் சிட்னி முடிவு ஆச்சரியமாகத் தெரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அடுத்து மாத்திரைக் கடைக்குத்தான் போவீர்கள். ஃபோலேட் என்ற பி வைட்டமின் (மாத்திரையில் ஃபோலிக் அமிலமாக வருவது) குறைந்த உணவு பெற்ற ஆண் சுண்டெலிகளின் குட்டிகளில் பிறவிக் குறைபாடுகள் கூடியதை மாண்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தின் சாரா கிம்மின்ஸ் குழு 2013இல் காட்டியது. உடனே 'அப்பாவும் ஃபோலிக் அமிலம் சாப்பிட வேண்டும்' என்று கிளம்பினார்கள். ஆனால் ஜெர்மனியின் பான் நகரில் டான் ஏனிங்கரின் குழு எதிர்ப்பக்கத்தைப் பார்த்தது. ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12, கோலின், மெத்தியோனின் ஆகியவற்றை மிகையாகச் சேர்த்த உணவை ஆண் சுண்டெலிகளுக்கு ஆறு வாரம் கொடுத்தார்கள். அவற்றின் குட்டிகள் கற்பதிலும் நினைவில் வைப்பதிலும் பின்தங்கின. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் நரம்பு இணைப்புகள் வலுப்பெறும் திறனும் குறைந்திருந்தது. குறைந்தாலும் சிக்கல், கொட்டினாலும் சிக்கல். பெண்களுக்குக் கர்ப்பத்துக்கு முன் ஃபோலிக் அமிலம் பரிந்துரைப்பது வேறு கதை. அதற்கு மனிதர்களிலேயே செய்த உறுதியான ஆய்வுகள் இருக்கின்றன, அதைத் தவறவிடக் கூடாது. ஆண்கள் மருத்துவர் சொல்லாமல் அதிக அளவு மாத்திரைகளை விழுங்குவதற்கு அப்படி எந்த ஆதாரமும் இல்லை.

இனி மனிதர்கள். ஸ்வீடனில் லின்ஷோபிங் பல்கலைக்கழகத்தின் அனிதா ஓஸ்ட் குழு 15 ஆரோக்கியமான இளைஞர்களை எடுத்துக்கொண்டது. முதல் வாரம் நல்ல உணவு. இரண்டாவது வாரம் அதே உணவோடு ஏராளமான சர்க்கரை: ஒரு நாளைக்குச் சுமார் 3.5 லிட்டர் குளிர்பானம் அல்லது 450 கிராம் மிட்டாய்க்குச் சமமான அளவு. (நெறிமுறைக் குழு இதற்கு அனுமதி தந்ததுதான் எனக்கு வியப்பு.) 2019இல் வந்த முடிவு: ஒன்றிரண்டு வாரத்துக்குள்ளேயே விந்தணுவின் நீந்தும் திறனும், அதிலிருந்த டிஆர்என்ஏ துண்டுகளும் மாறின. எலியில் பார்த்த அதே வகைச் சரக்கு, மனிதனிலும் உணவுக்குத் தக்கபடி மாறுகிறது. ஆனால் அந்த 15 பேருக்கும் அந்த விந்தணுவால் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளையை யாரும் சோதிக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கோபன்ஹேகனில் ரொமேன் பாரெஸின் குழு 2016இல் உடல் பருமனான ஆண்களின் விந்தணுவையும் ஒல்லியானவர்களின் விந்தணுவையும் ஒப்பிட்டது. மெத்தில் குறிகளில் வேறுபாடு இருந்தது, அதுவும் மூளை வளர்ச்சி, பசிக் கட்டுப்பாடு தொடர்பான மரபணுக்களின் பக்கத்தில். எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆறு ஆண்களைத் தொடர்ந்து பார்த்தபோது, ஓராண்டுக்குள் அந்தக் குறிகள் பெரிய அளவில் மாறியிருந்தன. சின்ன எண்ணிக்கைதான். ஆனால் விந்தணுவின் நிலை நிரந்தரம் இல்லை, திரும்ப மாறக்கூடியது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

பிள்ளைகளின் நடத்தையையே நேராகப் பார்த்தவற்றில் பெரியது நார்வேயிலிருந்து வந்தது. சுமார் 93,000 குழந்தைகளின் விவரத்தை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், பருமனான அப்பாக்களின் குழந்தைகளில் ஆட்டிசம் 0.27 சதவீதம், எடை இயல்பாக இருந்த அப்பாக்களின் குழந்தைகளில் 0.14 சதவீதம். 'இரண்டு மடங்கு ஆபத்து' என்று தலைப்பு போடலாம், பொய்யில்லை. பருமனான அப்பாக்களின் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 997 பேருக்கு மேல் ஆட்டிசம் இல்லை என்றும் போடலாம், அதுவும் பொய்யில்லை. இதில் உணவு என்ற ஒன்றை யாரும் அளக்கவே இல்லை, எடையைத்தான் பார்த்தார்கள். எடைக்கும் ஆட்டிசத்துக்கும் பொதுவான மரபணுக் காரணம் இருக்கலாம் என்பதை அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள். மனித ஆய்வுகளில் இந்த முடிச்சு அவிழ்வதே இல்லை. மனித அப்பா ஒரே இரவில் காணாமல் போவதில்லை. அவர் சாப்பிடுவதைத்தான் வீடும் சாப்பிடுகிறது, அவருடைய வருமானம், தூக்கம், கோபம் எல்லாம் பிள்ளையின் மேல் படிகிறது.

வட ஸ்வீடனின் ஓவர்காலிக்ஸ் ஊரைப் பற்றியும் எங்காவது படித்திருப்பீர்கள்: 1890, 1905, 1920இல் பிறந்தவர்களின் ஆயுளை, அவர்களுடைய தாத்தாக்கள் சிறுவர்களாக இருந்தபோது விளைச்சல் எப்படி இருந்தது என்ற பதிவுகளோடு பொருத்திப் பார்த்த ஆய்வு. அப்பா வழித் தாத்தாவின் சிறுவயது உணவு வளத்துக்கும் பேரன்களின் இறப்பு விகிதத்துக்கும் தொடர்பு தெரிந்தது. அருமையான ஆய்வு, ஆனால் அது நடத்தையைப் பற்றியது அல்ல, உங்கள் கேள்விக்கு அதை இழுக்க வேண்டியதில்லை.

நீங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். மனித விந்தணு உருவாகச் சுமார் 74 நாட்கள் ஆகின்றன. எபிடிடிமிஸைக் கடக்க இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆக, கருத்தரிப்புக்கு முந்தைய மூன்று மாதங்கள்தான் உங்கள் கையில் இருக்கும் காலம். அதிலும் அந்தக் கடைசிச் சில வாரங்களை அலட்சியப்படுத்த வேண்டாம். மியூனிக்கில் ரஃபேல் டெபெரினோவின் குழு 2024இல் 'நேச்சர்' இதழில் காட்டியபடி, ஆண் சுண்டெலிகளுக்கு வெறும் இரண்டு வாரக் கொழுப்பு உணவே போதுமாக இருந்தது; ஆண் குட்டிகளில் ஒரு பகுதிக்குச் சர்க்கரைக் கோளாறு வந்தது. நல்ல செய்தியும் இதே வழியில்தான் வருகிறது: ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், பருமனான ஆண் சுண்டெலிகளுக்குச் சேர்க்கைக்கு முன் உணவைச் சீர்படுத்தி உடற்பயிற்சியும் கொடுத்தபோது, அவற்றின் பெண் குட்டிகளின் உடல்நிலை மேம்பட்டது.

இந்த மூன்று மாதங்களில் இனிப்புப் பானங்களைக் குறையுங்கள், ஒவ்வொரு வேளையும் போதிய புரதம் இருக்கட்டும், பொரித்ததும் பாக்கெட்டில் வருவதும் எப்போதாவது ஒருமுறை போதும், உடலை அசையுங்கள். புகையும் மதுவும் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அவற்றுக்கு எதிரான ஆதாரம் உணவைவிடப் பலமானது. எடை அதிகமென்றால் பட்டினி கிடந்து அவசரமாகக் குறைக்காதீர்கள். குறை உணவும் விந்தணுவில் பதிகிறது என்பதுதானே அந்த அரைப்பட்டினி சுண்டெலிகள் காட்டியது. மேலே சொன்ன எதுவும் உங்கள் பிள்ளை தைரியசாலியாகப் பிறக்கும் என்று உத்தரவாதம் தராது. விந்தணு நன்றாக நீந்தும், கருத்தரிக்கும் வாய்ப்பு மேம்படும், உங்கள் ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும். அந்த லாபங்கள் நிச்சயமாக மனிதர்களுக்கும் பொருந்துபவை.

ஏற்கனவே பிள்ளை பெற்றவர்களும் இதைப் படிப்பார்கள். "என் மகன் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறான், அப்போது நான் கண்டதையும் தின்றதுதான் காரணமா?" என்று யாராவது கேட்டால், ஒரு தனிப் பிள்ளையை வைத்து அப்படிச் சொல்வதற்கு எந்த வழியும் இல்லை. பயந்த சுபாவத்துக்குப் பின்னால் ஏராளமான மரபணுக்கள் இருக்கின்றன, வீடு இருக்கிறது, பள்ளி இருக்கிறது. விந்தணுவின் ஆர்என்ஏவை அளந்து பிறக்கப்போகும் பிள்ளையின் குணத்தைச் சொல்லும் பரிசோதனையும் மருத்துவத்தில் இல்லை. அப்படி ஒன்றை யாராவது விலைக்கு வைத்தால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.